பூனை வழியாக வந்த ஊசி

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், ரப்பரும் எண்ணெய்ப்பனையும் சூழ்ந்த வட்டாரம். சீனர்களின் பன்றிப் பண்ணைகள் அங்கே நெருக்கமாக இருந்தன. அவற்றில் சம்பளத்துக்கு நின்றவர்களில் தமிழர்களும் உண்டு.

1998இல் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல், விற்கப்பட்ட பன்றிகளோடு தெற்கே இறங்கி இங்கேயும் வந்து சேர்ந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுப்புகை அடித்தார்கள், ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஜே.இ. அதிகம் பிடிப்பது குழந்தைகளை; இங்கே படுத்தவர்களோ பன்றியோடு புழங்கிய வயதுவந்த ஆண்கள். பன்றியைத் தொடாத முஸ்லிம்களான பக்கத்து மலாய்க்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கொசு மதம் பார்த்தா கடிக்கும்? போதாததற்குப் பன்றிகளே தூரத்துக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நிப்பா என்ற பெயர் அந்தக் கிராமத்தினுடையது. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். இராணுவமே இறங்க வேண்டியிருந்தது.

பண்ணை நாய்களுக்கும் பூனைக்கும்கூடத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அமளியில் பூனைக்காக யார் கவலைப்படுவார்கள்? ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்து விலங்கு நல ஆய்வகம் கவலைப்பட்டது. 1994இல் பிரிஸ்பேனில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸ், நிப்பாவுக்கு உடன்பிறப்பு. அதற்குப் பூனை எளிதில் பலியாகும் என்பதை அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். நிப்பாவும் அப்படியே: காய்ச்சல், மூச்சிரைப்பு, சில நாளில் மரணம். பன்றியோ பெரும்பாலும் இருமிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். உயிர்காக்கும் தடுப்பூசியைச் சோதிக்க, நோய் வந்தால் பிழைக்காத விலங்கு வேண்டும். கொடுமையான கணக்குதான், ஆனால் பூனையைத் தேர்ந்ததன் காரணம் அதுதான்.

இரண்டு வைரஸும் நம் செல்லுக்குள் நுழைய, மேலுறையில் இருக்கும் ஜி புரதத்தால்தான் அதைப் பற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் புரோடரின் குழு, முழு வைரஸை விட்டுவிட்டு அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியை மட்டும் கரையும் வடிவில் செய்தது. ஜீலாங்கில் அதைப் பூனைகளுக்குப் போட்டுப் பிறகு நிப்பாவைச் செலுத்தினார்கள். ஊசி போடாத பூனைகள் நோயில் விழுந்தன, போட்டவை தாங்கின. 2006இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஹெண்ட்ராவின் புரதத்தை வைத்துச் செய்த ஊசியும் நிப்பாவைத் தடுத்தது.

அந்த ஹெண்ட்ரா புரதமே 2012 நவம்பரில் ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு ‘ஈக்விவாக் எச்.வி.’ என்ற தடுப்பூசியாகச் சந்தைக்கு வந்தது. பூனைக்கு வரவில்லை. தோட்டத்துப் பூனையை இன்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனால் போடும் வழக்கமான ஊசி பேன்லுகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்றுக்குத்தான்.

மலேசியாவில் 1999க்குப் பிறகு மனிதருக்கு நிப்பா வரவில்லை. ஆனால் வங்கதேசத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 2018இல் கோழிக்கோட்டிலும் உயிர்களைப் பறித்தது. பூனையில் தேறிய அதே புரதத்தை மனிதருக்குப் போட்டுப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை 2020இல்தான் தொடங்கியது.