படைப்பைக் காக்கும் பணியும் உள்ளத்தின் மனமாற்றமும்

உலகைக் காப்பது பற்றி நம் திருச்சபை பேசும்போதெல்லாம் மண்ணோடும் மரத்தோடும் சேர்த்து மனித உள்ளத்தையும் பேசியிருக்கிறது. அவ்வரலாற்றை நாம் நினைவுகூர்வது தகும்.

1225-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டு அசிசி நகரை அடுத்த சான் தமியானோ ஆலயத்தருகே புனித பிரான்சிஸ் நோயுற்றுக் கிடந்தார். கதிரவனின் ஒளியை அவர் கண்கள் தாங்கவில்லை. அந்நிலையில்தான் கதிரவனைச் சகோதரன் என்றும், நீரைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் போற்றும் பாடலை இயற்றினார். தமக்கு வேதனை தந்த ஒளிக்கும் நன்றி கூறிய நெஞ்சம் அது! பின்னர் அசிசி நகர ஆயரும் ஆட்சித் தலைவரும் பகைத்து நின்றபோது, மன்னிப்பைப் பற்றிய அடிகளையும் அதே பாடலில் சேர்த்தார் என்பது மரபு.

1979 நவம்பர் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவரைச் சுற்றுச்சூழல் காப்போரின் பாதுகாவலராக அறிவித்தார். 1990-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியில், இயற்கையின் சீர்குலைவு ஓர் ஒழுக்கநெறிச் சிக்கல் என்றார். 2001 சனவரி 17 அன்று, சூழலியல் மனமாற்றம் தேவை என எடுத்துரைத்தார். 2015 மே 24 நாளிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதனை விரித்துரைத்தார். கோட்பாடுகள் மட்டும் போதா, உள்ளிருந்து உந்தும் ஆற்றல் வேண்டும் என்கிறது அதன் ஆறாம் அதிகாரம். செபிக்கும் கிறிஸ்தவர்களிலும் இக்கவலையை எள்ளி நகையாடுவோர் உண்டு, பழக்கத்தை மாற்ற மனமில்லாதோர் உண்டு என்றும் அது ஒளிவின்றிக் கூறுகிறது.

இச்சொல் நம்மைச் சுடுகிறது. ஏரியில் குப்பை கொட்டுவது தவறென்று அறிவோம், அறிந்தும் கொட்டுகிறோம். 'நான் ஒருவன் திருந்தி என்ன ஆகப்போகிறது?' என்னும் சோர்வு ஒருபுறம். 'இன்னும் வேண்டும்' என்னும் ஆசை மறுபுறம். சோர்வுக்கு மருந்து நன்றியுணர்வு. ஆசைக்கு மருந்து போதுமென்ற மனம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்கையில், வீணாக்கிய நீரையும் உணவையும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

உண்ணும் அளவுக்கே சமைத்தல், வேண்டாத விளக்கை அணைத்தல், மரம் நடுதல் ஆகிய சிறு செயல்களை அச்சுற்றுமடல் போற்றுகிறது. அச்சத்தால் தொடங்கும் செயல் சில நாளில் தளரும்; அன்பால் தொடங்குவது நிலைக்கும். நோய்ப்படுக்கையிலும் இறைவனைப் புகழ்ந்த அசிசியாரின் உள்ளத்தை நமக்கும் தரும்படி இறைவனை மன்றாடுவோம்.