கொலைச் சிந்தும் நம் செவியும்

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கொலைச் சிந்து பாடி விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மலிவுத் தாளில் அச்சான அச்சிறு நூல்களைக் கற்றோர் இலக்கியமாகக் கொள்ளவில்லை. ஆயினும் மக்கள் காசு கொடுத்து வாங்கினர். கொலையைக் கேட்க விழையும் செவி நமக்குப் புதிதன்று. அச்செவிக்கு 1990களில் வாய்த்த பெரும் இரை, ஆட்டோ சங்கர் எனப்பட்ட கௌரி சங்கரின் கதை.

திருவான்மியூர்ப் பகுதியில் அறுவர் கொல்லப்பட்டனர். 1991இல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் சங்கருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1997இல் தனி மாவட்டமாகும்வரை நம் திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. எனவே இது எங்கோ நடந்த கதையன்று. நம் மாவட்டத்து வழக்கு.

விளங்காத ஏதோ இருள் அவனை ஆட்டுவித்தது என்று எண்ணிக்கொள்வது நமக்கு எளிது. வழக்கு காட்டியது வேறு. சாராயமும் விபசாரமும் அவன் தொழில். அத்தொழிலின் வழியில் குறுக்கிட்டோரும் அவனை மீறியோரும் மாண்டனர். 1888இல் இலண்டன் வயிட்சாப்பலில் பெண்களைக் கொன்றவன் யாரென இன்றளவும் தெரியாது. அம்மர்மமே அக்கதையை வாழவைக்கிறது. இங்கோ மர்மம் ஏதுமில்லை. ஆயினும் ஆவல் குறையவில்லை. ஏன்?

சிறையில் சங்கர் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது, சிறைத்துறை தடுக்க முயன்றது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பை அந்நூல் கூறுகிறது என்பது இதழின் வாதம். வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை ஒருவரின் இசைவின்றியும் வெளியிடலாம் என்றும், அதற்கப்பால் அவரது அந்தரங்கம் காக்கப்படவேண்டும் என்றும் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என நிலைநாட்டிய 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இவ்வழக்கு பேசப்பட்டது. ஆக, மக்களின் ஆவலில் குருதிவேட்கை மட்டும் இருந்ததெனக் கூறுதல் நேர்மையன்று. அவனுக்கு நிழல் தந்தவர் எவர் என்ற நியாயமான கேள்வியும் அதில் கலந்திருந்தது.

1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். அவன் பெயர் இன்றும் நம் நாவில் உள்ளது. மாண்ட அறுவரில் ஒருவர் பெயரையேனும் கூறவல்லார் நம் வட்டத்தில் உளரோ? இவ்வரிகளை எழுதத் தொடங்கியபோது நானும் கூறவல்லேன் அல்லேன்.

ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் பெயரறியா மனிதர் நிறைந்த தொழிற்பேட்டையின் அருகே வாழ்கிறோம். மாண்டவன் பெயரைக் கல்லில் பொறித்தது நம் மரபு. இறந்தார் குணம் சொல்லி அழுவது நம் ஒப்பாரி. கொன்றவனைப் பாட ஆயிரம் பேர் உளர். கவிஞர்களே, வீழ்ந்தவரின் பெயரை முதலில் கேட்டறிவோம். பாடுவது அதன் பின்னர் ஆகட்டும்.