தாய்மேல் விழுந்த பழி

மனநோயின் சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் வைத்தியரையும் வைத்தியசாலைகளையும் பற்றியே எழுதுகின்றனர். நோயாளிக்குச் சோறூட்டி, இரவெல்லாம் விழித்திருந்த வீட்டாருக்கு அங்கே இடமில்லை. இடம் கிடைத்த ஓரிரு வேளைகளிலும் குற்றவாளிக் கூண்டிலேயே அவர்கள் நிறுத்தப்பட்டனர். 1948இல் பிரீடா ஃபுரொம் ரைக்மான் என்னும் உளமருத்துவர், மனச்சிதைவைத் தோற்றுவிப்பவள் தாயே எனப் பொருள்படும் ஒரு சொல்லை ஆண்டார். ஐக்கிய அமெரிக்காவில் அச்சொல் ஒரு தலைமுறைக் காலம் நிலைத்தது. மகனை அழைத்துச் சென்ற தாய், நோய்க்குத் தானே காரணம் என்ற தீர்ப்போடு வீடு திரும்பினாள்.

அந்தத் தாயிடமே அரசாங்கம் நோயாளியை ஒப்படைத்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1955இல் அந்நாட்டு மாநில மனநோய் வைத்தியசாலைகளில் ஏறக்குறைய 559,000 பேர் இருந்தனர். அவற்றுட் பல சிறையினும் கொடியன. ஆதலின் கதவுகள் திறக்கப்பட்டமை நன்றே. 1963இல் ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட சட்டம், ஊர்தோறும் மனநல நிலையங்கள் எழும் என வாக்களித்தது. வைத்தியசாலைகள் வெறுமையாயின, நிலையங்களுட் பல எழவேயில்லை. சம்பளமில்லாத் தாதியாகத் தாய் நியமனம் பெற்றாள்.

1977இல் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில், ஹரியற் ஷெட்லர், பெவர்லி யங் என்னும் இரு தாய்மார் மதிய உணவுக்கு அமர்ந்து பேசினர். இருவர் புதல்வரும் மனச்சிதைவுற்றவர்கள். அப்பேச்சு, ஒத்த துயருடைய குடும்பங்களின் சங்கமாயிற்று. சங்கப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'அமி' என வரும். பிரெஞ்சு மொழியில் அது நண்பனைக் குறிக்கும். 1979இல் அதே நகரில் கூடிய மாநாட்டிற்கு, நாட்டின் பல பாகங்களிலும் தாமாகவே முளைத்திருந்த இத்தகைய குழுக்களிலிருந்து 200க்கு மேற்பட்டோர் வந்தனர். தேசிய ஸ்தாபனம் பிறந்தது. மனநோய் மூளையின் நோய், வளர்ப்பின் குற்றமன்று என்று அவர்கள் வாதாடினர். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டனர். அரசோ வேறு திசையிற் சென்றது. 1980இல் நிறைவேறிய மனநலச் சட்டத்தின் பெரும்பகுதியை மறு ஆண்டிலேயே றேகன் ஆட்சி நீக்கிற்று.

மூளையின் நோய் என்ற வாதம் மருந்துக் கம்பனிகளுக்கும் உவப்பாயிருந்தது. 2006 முதல் 2008 வரை அந்த ஸ்தாபனம் பெற்ற நன்கொடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு, சுமார் 230 இலட்சம் டொலர், அக்கம்பனிகள் கொடுத்தது என்பது 2009இல் செனற்றர் கிராஸ்லியின் விசாரணையால் வெளியாயிற்று. அரசு கைவிரித்த இடத்தில் இலாபம் கைநீட்டியது. இதைக் காட்டி அத்தாய்மாரின் உழைப்பையே எள்ளுவாருடன் நாம் சேரமாட்டோம். 1991இல் ஜொய்ஸ் பேர்லண்ட் வகுத்த 12 வாரப் பாடநெறியை, நோயாளரின் உறவினரே பிற உறவினருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தனர். மருந்தின் பெயர்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. தாய்மேற் குற்றமில்லை என்பதும் கற்பிக்கப்பட்டது.