ஸ்டியரிங்குக்கும் பின் சீட்டுக்கும் நடுவில்: எஸ்யூவியின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன வீட்டுச் சண்டையில இருந்து தொடங்குது.

எங்க வீட்டுல ஒரு எஸ்யூவி வாங்கலாம்னு முடிவு பண்ணினோம். ரெண்டு வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். முதல் வண்டி வளைவுல அப்படியே ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. ரெண்டாவது வண்டி பள்ளம் இருந்த இடமே தெரியாம மிதந்து போச்சு, ஆனா ஓட்டுறதுக்குப் படகு மாதிரி. எனக்கு முதல் வண்டிதான் பிடிச்சது. இறங்கினதும் பின் சீட்டுல இருந்த அம்மா சொன்னாங்க: "உனக்கென்னப்பா, ஸ்டியரிங் கையில இருக்கு. எனக்கு இடுப்பு கழண்டு போச்சு."

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஒரே வண்டி, ஒரே ரோடு, எப்படி ரெண்டு பேருக்கு ரெண்டு அனுபவம்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா எஸ்யூவியோட மொத்த வரலாறும் வருது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல ஸ்பிரிங் இருக்கு. அது மென்மையா இருந்தா பள்ளத்தை விழுங்கும், ஆனா வளைவுல வண்டி சாயும். விறைப்பா இருந்தா சாயாது, ஆனா ஒவ்வொரு கல்லும் முதுகுல வந்து இடிக்கும். எல்லா கார்லயும் இந்தப் பேரம் உண்டு. எஸ்யூவியில மட்டும் ஏன் இவ்வளவு பெருசா தெரியுது? உயரம்தான் காரணம். எடை எவ்வளவு மேலே இருக்கோ, அவ்வளவு சாய்வு.

சரி, எடையை ஏன் மேலே தூக்கி வைத்தார்கள்? சேற்றுக்காக. 1941இல் போருக்காக வந்த வில்லிஸ் ஜீப், 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், ரெண்டுமே ஒரே குலம். ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன் கீழே நாலு மூலையிலும் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அச்சைப் பிடித்து வைக்கும் வேலையும் அந்தப் பட்டைகளுக்கே இருந்ததால், அவற்றை ரொம்ப மென்மையாகச் செய்ய முடியாது. சிப்பாயும் விவசாயியும் சொகுசு கேட்கவில்லை. சேற்றில் மாட்டாமல் வெளியே வந்தால் போதும் அவர்களுக்கு.

ஆனா அதே காலத்துல கார் உலகம் சொகுசைப் பற்றி நிறைய கத்துக்கிட்டிருந்தது. 1930களில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போனார். சொகுசை அளக்க நல்ல கருவி எதுவும் அப்போது இல்லை. அவர் ஒரு பெரிய காரில் இடம் மாற்றக்கூடிய எடைகளைக் கட்டி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். எது சுகமா இருக்குன்னு உட்கார்ந்தவங்க சொல்லணும், அவ்வளவுதான் சோதனை. அதிலிருந்து அவர் கண்டது: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் மென்மையாக இருக்க வேண்டும். பள்ளத்தில் முதலில் விழுவது முன் சக்கரம். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். அப்போது வண்டி தலையாட்டாமல் மட்டமாகப் போகும். கார் செய்பவர்கள் இன்னைக்கும் மறக்காத பாடம் இது.

இந்த ரெண்டு உலகமும் ஒரே வண்டியில் சந்தித்தது 1970இல், ரேஞ்ச் ரோவரில். ஸ்பென் கிங் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் குழு பட்டையைத் தூக்கிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் நீளமாக அசையக்கூடிய காயில் ஸ்பிரிங் போட்டது. அச்சைப் பிடிக்கத் தனிக் கம்பிகள் வந்துவிட்டதால், ஸ்பிரிங்கை இஷ்டத்துக்கு மென்மையாக்கலாம். காலையில் வயலில் ஓடிய வண்டி மாலையில் நெடுஞ்சாலையில் சுகமாக ஓடியது. விலை என்ன தெரியுமா? வளைவுல கண்ணால பார்த்தாலே தெரியுற அளவுக்குச் சாய்ந்தது. சாய்வைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பார் அதில் கிடையாது. அதைப் போட்டால் இடது சக்கரமும் வலது சக்கரமும் தனித்தனியாக அசையும் சுதந்திரம் குறையும். காட்டுப் பாதைக்கு அது இடைஞ்சல்.

இருபது வருஷம் கழிச்சு, 1990இல், அந்தப் பார் கடைசியில் வந்தது. எந்த மாடலில் தெரியுமா? சிஎஸ்கே! சிரிக்காதீங்க, நிஜமாவே பேரு அதுதான். சார்ல்ஸ் ஸ்பென்சர் கிங் என்ற அவருடைய பெயரின் முதலெழுத்துகள். ஓட்டுபவரின் சந்தோஷத்துக்காக வந்த 200 வண்டிகள். தோனி அப்ப ஒன்பது வயசுப் பையன்.

இதுவரைக்கும் விஷயம் சொகுசா, ஜாலியா என்பதுதான். அமெரிக்காவுல இது உயிர்ப் பிரச்சினை ஆச்சு.

1984இல் ஜீப் செரோக்கி தனிச் சட்டத்தைக் கைவிட்டு, பாடியும் சட்டமும் ஒன்றான மோனோகாக் முறையில் வந்தது. எஸ்யூவி காரை நோக்கி நகர்ந்தது. 1990இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வந்தது. அது பிக்கப் டிரக்கின் அடித்தளத்தில் உட்கார்ந்த குடும்ப வண்டி. லட்சக்கணக்கான வீடுகள் வாங்கின. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி, 110 கிலோமீட்டர் வேகத்தில், வெயிலில் நெடுந்தூரம் போனார்கள்.

அந்த வண்டியின் டயருக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. காற்று குறைவா இருந்தா டயர் மெத்துன்னு இருக்கும், சவாரி சுகமாத் தெரியும். ஆனா டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமா மடங்கும், சூடேறும். அதில் பொருத்தப்பட்ட சில ஃபயர்ஸ்டோன் டயர்களில் மேல்பட்டை தனியாகக் கழன்றது. டயர் கழன்றால் எந்த வண்டியும் தடுமாறும். உயரமான வண்டி உருளும். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். டயர் கம்பெனி வண்டியைக் குறை சொன்னது, வண்டிக் கம்பெனி டயரைக் குறை சொன்னது. அடுத்த ஆண்டு, ஹென்றி ஃபோர்டு காலத்திலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம் நீடித்த அந்த உறவு முறிந்தது. இன்னைக்கு நம்ம டாஷ்போர்டுல டயர் காற்று குறைஞ்சா ஒரு விளக்கு எரியுது இல்லையா? அமெரிக்காவில் அதைக் கட்டாயமாக்கிய சட்டம் இந்த விவகாரத்திலிருந்து பிறந்ததுதான்.

ஐரோப்பாவுக்கும் இந்தப் பாடம் ஏறக்குறைய அதே சமயம் கிடைத்தது. 1997 அக்டோபரில், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை மெர்சிடிஸ் ஏ-கிளாஸைச் சோதித்தது. எஸ்யூவி இல்லை, ஆனா உயரமான சின்ன கார். ரோட்டின் குறுக்கே காட்டு மான் வந்துவிட்டதாக நினைத்து, சட்டென்று ஒடித்துத் திருப்பும் சோதனை. கார் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி என்ற எலக்ட்ரானிக் அமைப்பை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்த்தது. விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த பாதுகாப்பு சின்ன காருக்கும் இறங்கி வந்தது.

அதுக்கப்புறம்தான் ஜெர்மன் கம்பெனிகள், "உயரமான வண்டியையும் ஜாலியா ஓட்ட முடியும்"னு களமிறங்கின. 1999இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5, 2002இல் போர்ஷே கயென். எப்படிச் சாதித்தார்கள்? காசு கொட்டி. பள்ளத்துக்கு ஏற்றபடி மாறும் ஏர் சஸ்பென்ஷன், வளைவில் மட்டும் இறுகி நேர் ரோட்டில் தளரும் ஆன்ட்டி ரோல் பார். பேரம் மறைந்துவிடவில்லை. பணக்காரர்கள் அதைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதுல பின்னாடி உட்கார்ந்து போனவங்ககிட்ட கேளுங்க, கதை கதையா சொல்வாங்க. 1998 சஃபாரி, 2002 ஸ்கார்ப்பியோ எல்லாம் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டிகள். ஸ்பீட் பிரேக்கருக்குப் பயப்படாது, வளைவுல ஆடும். 2011இல் மஹிந்திராவின் முதல் மோனோகாக் எஸ்யூவியான எக்ஸ்யூவி500 வந்தது. அதற்குப் பிறகு ஒரு சுவாரசியமான மூணு வருஷம். அதில் போட்டி போட்ட வண்டிகள் எல்லாம் நம்ம சென்னையைச் சுற்றியே உருவானவை.

2012இல் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர். பள்ளத்தை விழுங்குவதற்குப் பேர் வாங்கியது. 2013இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். ஓட்டுறவங்களோட செல்லப்பிள்ளை. 2015இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. லேசான ஸ்டியரிங், நிறைய வசதிகள். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்த டஸ்டரும் நின்றது. கிரெட்டா இன்னும் ஓடுது. கம்பெனிகளின் கணக்குக்குப் பல காரணங்கள் உண்டு, சஸ்பென்ஷன் மட்டும் காரணம் இல்லை. ஆனா குடும்பம் ஒண்ணா உட்கார்ந்து முடிவெடுக்கும்போது, ஓட்டுறவரோட ஓட்டு ஒண்ணுதான். அது மட்டும் உறுதி.

நடுவழியையும் தேடிப் பார்த்தார்கள். 2017இல் வந்த ஜீப் காம்பஸின் ஷாக் அப்சார்பர், சின்னச் சின்ன அதிர்வுக்குத் தளர்ந்தும் பெரிய அசைவுக்கு இறுகியும் வேலை செய்யும். 2019இல் வந்த டாடா ஹாரியரின் அடித்தளம் லேண்ட் ரோவரிலிருந்து வந்தது. டாடா 2008இல் அந்தக் கம்பெனியையே வாங்கியிருந்தது. ஸ்பென் கிங் வேலை செய்த கம்பெனியின் வித்தை, ஒரு சுற்று சுற்றி நம்ம ரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

சரி, எங்க அம்மா விஷயத்துக்கு வருவோம். அவங்களோட உண்மையான பிரச்சினை இடுப்பு மட்டும் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில இருபது கொண்டை ஊசி வளைவு. அங்க போனா வாந்தி நிச்சயம். 1974இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. ஆட்களை ஒரு மூடிய அறைக்குள் உட்காரவைத்து மேலும் கீழும் ஆட்டினார்கள். அதிகம் குமட்டியது வேகமான குலுக்கலில் இல்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை நடக்கும் மெதுவான ஆட்டத்தில்தான். கிட்டத்தட்ட கப்பலின் ஆட்டம்.

இங்கதான் நான் நினைச்சது தலைகீழாச்சு. கல்லும் பள்ளமும் இடுப்பை வாட்டும். மெதுவான சாய்வு வயித்தைப் புரட்டும். ரெண்டும் வேற வேற கஷ்டம். படகு மாதிரி மிதக்குற வண்டி சென்னைக்குள்ள அம்மாவுக்குச் சொர்க்கம், ஏற்காட்டுல நரகம். வளைவுல சாயாம நிற்கும் வண்டி எனக்கு மட்டுமில்லை, அவங்களுக்கும் நல்லது. ஓட்டுறவருக்கு ஏன் குமட்டுறதில்லை? அடுத்த வளைவு எப்ப வரும்னு அவருக்கு முன்னாடியே தெரியும், திருப்புறதே அவர்தான். பின்னாடி இருக்கிறவருக்கு அந்தத் தகவல் கிடைக்கிறதில்லை. நான் வளைவுல வேகமா திருப்பி ரசிச்ச ஒவ்வொரு தடவையும், அம்மாவோட வயிறு அதுக்கு விலை கொடுத்திருக்கு.

அதனால இந்த வாரம் மறுபடியும் டெஸ்ட் டிரைவ் போனோம். இந்தத் தடவை தம்பி ஓட்டினான், நான் பின் சீட்டுல. நீங்களும் இதைச் செஞ்சு பாருங்க. ஷோரூம் முன்னாடி இருக்கும் வழவழப்பான ரோடு வேண்டாம். தோண்டிப் போட்ட தெரு ஒண்ணு, ஸ்பீட் பிரேக்கர் நாலு, அப்புறம் கத்திப்பாரா மேம்பாலத்தோட வட்டத்துல ஒரு முழுச் சுற்று. பள்ளத்துல விழுந்த பிறகு வண்டி எத்தனை தடவை ஆடுதுன்னு எண்ணுங்க. ஒரு தடவையில அடங்கினா நல்ல சஸ்பென்ஷன். இன்னொண்ணு: டாப் வேரியன்ட்ல பெரிய அலாய் வீல் கொடுப்பாங்க. சக்கரம் பெருசானா டயரோட ரப்பர் சுவர் மெலிசாகும், குலுக்கல் அதிகமாகும். டயர் காற்றை மட்டும் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கே வையுங்க. சுகத்துக்காகக் குறைக்காதீங்க.

நாங்க கடைசியில எனக்குப் பிடிச்ச அந்த முதல் வண்டியையே எடுத்தோம், ஆனா சின்ன சக்கரம் போட்ட கீழ் வேரியன்ட். சன்ரூஃப் இல்லைன்னு தம்பிக்கு வருத்தம். அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க: ஏற்காட்டுக்கு நான் ஓட்டக் கூடாதாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.