பொய்ச் சண்டையும் மெய்க் காயமும்

"அது பொய்ச் சண்டைதானே?" என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. 1990களில் திருவெறும்பூரில் கேபிள் டிவி நடத்தியவன் நான். மலைக்கோவிலுக்குக் கீழே உள்ள தெருக்களில் தொடங்கி நவல்பட்டு ரோடு வரைக்கும் என் வயர் ஓடியது. அந்த வயரில் போன நிகழ்ச்சிகளிலேயே அதிகச் சண்டையை மூட்டிவிட்டது டபிள்யூ டபிள்யூ எஃப் மல்யுத்தம். திரையில் நடந்த சண்டையைச் சொல்லவில்லை, வீட்டுக்கு வீடு நடந்ததைச் சொல்கிறேன்.

1990 ஏப்ரலில் சீனாவிலிருந்து ஆசியாசாட்-1 என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் டிவி அதன் வழியாக ஒளிபரப்பைத் தொடங்கியது. ஸ்டார் பிளஸ், எம்டிவி, பிபிசி, பிரைம் ஸ்போர்ட்ஸ் எல்லாமே அப்போது இலவசம். டீகோடர் தேவையில்லை. மொட்டை மாடியில் பன்னிரண்டு அடி வலை டிஷ்ஷைக் கிழக்கே திருப்பி, கொஞ்சம் தெற்கே சாய்த்து வைத்தால் படம் வந்துவிடும். ஒருவன் மாடியில் டிஷ்ஷைத் தள்ள, இன்னொருவன் கீழே டிவி முன்னால் நின்று "போதும், போதும், ஐயோ போச்சு" என்று கத்த, இப்படித்தான் எங்கள் ஊருக்கு அமெரிக்க மல்யுத்தம் இறங்கியது. பிரைம் ஸ்போர்ட்ஸில் வந்த அந்தப் பந்தயங்கள் அமெரிக்காவில் முடிந்து பல வாரம் ஆனவை. அது எங்களுக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலையில்லை.

பார்த்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். 1965இல் பெல் பாய்லர் பிளான்ட்டும் அடுத்த வருஷம் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபிறகு, திருவெறும்பூர் ஷிஃப்ட் கணக்கில் வாழும் ஊராகிவிட்டது. மதிய ஷிஃப்ட் போனவர்கள் ராத்திரி திரும்பும்போது நிகழ்ச்சி முடிந்திருக்கும். அவர்களுக்காக விசிஆரில் பிடித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை லோக்கல் சேனலில் போடுவேன். பழைய டிவி பெட்டிகளில் பட்டன்கள் சொற்பம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்ததும் எந்தப் பட்டனில் எதை வைப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து கிளம்பியது. பெண்கள் சன் டிவி கேட்டார்கள், பிள்ளைகள் பிரைம் ஸ்போர்ட்ஸ் கேட்டார்கள். சந்தா வசூலுக்குப் போனால் இரண்டு கட்சியும் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளிடம் கார்டு இருந்தது. ஒவ்வொரு வீரனின் படத்துக்குக் கீழும் உயரம், எடை, மார்பளவு, கைச்சுற்று, மோதிய பந்தயம், வென்ற பந்தயம், ரேங்க் என்று எண்கள். என் கார்டில் எடை அதிகமென்றால் உன் கார்டு எனக்கு. ஏழடி நாலங்குல ஆந்த்ரே கையில் இருப்பவன் உயரம் கேட்பான், யோகோசுனா வைத்திருப்பவன் எடை கேட்பான். ஜப்பானிய சுமோ வீரர் என்று சொல்லப்பட்ட அந்த யோகோசுனா, சமோவா வம்சாவளியில் வந்த அமெரிக்கர்.

எல்லோரையும்விட உசத்தி அண்டர்டேக்கர்தான். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு, மணியோசை கேட்க, மெல்ல நடந்து வருவார். என் சந்தாதாரர் வீட்டுப் பாட்டி ஒருவருக்கு அவர் "மயானக்காரன்". அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து அழுத தலைமுறை அது. நடிகர் காலையில் எழுந்து டீ குடிக்கப் போவார் என்று தெரிந்தேதான் அழுதார்கள். அதே கண்ணோடுதான் பாட்டி அண்டர்டேக்கரையும் பார்த்தார். 1994 ஜனவரியில் யோகோசுனாவும் கூட்டாளிகளும் சேர்ந்து அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள். அவர் உருவம் அரங்கத்தில் மேலே ஏறிப்போவதுபோலக் காட்டினார்கள். செத்துவிட்டார் என்று தெருவே பேசியது. அவருக்கு ஏழு உயிர் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். முதுகுக் காயத்துக்கு ஓய்வு தேவைப்பட்டதால்தான் கதையில் சாவு வந்தது. ஆகஸ்டில் அவரைப் போலவே வேஷமிட்டு வந்த போலியை வீழ்த்தி நிஜ அண்டர்டேக்கர் திரும்பினார். அந்தப் போலியாக நடித்த பிரையன் லீதான் 1996இல் அக்ஷய் குமாரின் 'கிலாடியோங் கா கிலாடி' படத்திலும் அண்டர்டேக்கராக வந்தார்.

அதே 1994இல் இன்னொரு கதை ஓடியது. பிரெட் ஹார்ட்டுக்கும் கூடப்பிறந்த தம்பி ஓவனுக்கும் பகை. மார்ச்சில் நடந்த பெரிய பந்தயத்தில் தம்பி அண்ணனை வென்றான். அடிதடியில் குடும்பச் சண்டையைக் கலப்பது அமெரிக்கத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். என் லைனில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர்தான், "உறையூர்க் கதை தெரியாதாய்யா உமக்கு?" என்று உட்கார வைத்துச் சொன்னார்.

உறையூர் அரசன் தித்தன். மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. இருவருக்கும் ஆகாது. அந்த மகன் ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் 80ஆம் பாட்டு. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகில் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை ஒடிப்பதுபோல அவன் இரு பக்கமும் ஒடிகிறான். புலவர் இதோடு விடவில்லை. சந்தோஷப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி, அந்தத் தித்தன் வந்து இதைப் பார்க்கட்டும் என்கிறார். பிடியை மட்டும் சொன்னால் ஆட்டம் பாதிதான், பார்க்க வேண்டிய அப்பனையும் இழுத்துவிட்டால்தான் அது முழுமை. இங்கிருந்து உறையூர் ரொம்ப தூரமும் இல்லை.

பொய்யா மெய்யா என்பதைத் தீர்த்துவைத்தவர் பாய்லர் பிளான்ட் வெல்டர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை என் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து கேசட்டை மெதுவாக ஓடவிடச் சொல்லிப் பார்ப்பார். "அடிக்கிறவன பாக்காத தம்பி, விழுறவன பாரு. வேல அவன்கிட்டதான் இருக்கு" என்பார். பார்த்தால் உண்மைதான். தூக்கப்படுகிறவனும் எம்பிக் கொடுக்கிறான். விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை அகலமாகப் பரப்பி, இரு கைகளையும் தரையில் அறைகிறான். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இழுத்துக்கட்டிய கான்வாஸ்: ரிங் என்பது இவ்வளவுதான். அண்டர்டேக்கர் ஒருவனைத் தலைகீழாகப் பிடித்து மண்டியிடும்போது, பிடிபட்டவன் தலை அவர் முழங்காலுக்கு மேலேயே நிற்கும். அந்த இடைவெளிதான் தொழில்.

இடைவெளி தவறினால் என்ன ஆகும்? 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட் இதே மாதிரி ஒரு பிடியில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினை இறக்கினார். தலை தரையில் மோதியது. ஆஸ்டினுக்குக் கழுத்து போய், சற்று நேரம் கைகால் அசையவில்லை. அந்த நிலையிலும் தவழ்ந்து போய், முன்பே பேசியபடி பந்தயத்தை வென்று முடித்தார். அந்தக் கழுத்தால்தான் பிறகு சீக்கிரமே ஓய்வு பெற்றார். 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவிருந்த ஓவன் கொக்கி விடுபட்டு எழுபது அடிக்கு மேலிருந்து விழுந்து இறந்துபோனார். இது கதையின் பகுதி இல்லை என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நிகழ்ச்சியோ நிற்காமல் தொடர்ந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முடிவுகள் முன்கூட்டியே பேசப்பட்டவை என்பதை நிறுவனமே ஒளிக்கவில்லை. 1989இலேயே, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, நியூஜெர்சி மாநில செனட்டிடம் இது பொழுதுபோக்குதான் என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அதனால் கார்டு விலை குறையவில்லை.

2002இல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தது. அந்த வருஷமே, உலக வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கால் பெயரில் எஃப் போய் ஈ வந்தது. 2011இல் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு வந்தபோது என்னைப் போன்றவர்களின் காலம் முடிந்தது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இந்த மல்யுத்தம் நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது. வயரும் வேண்டாம், மாடியில் ஏற ஆளும் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பேரன் போனில் இதைப் பார்த்தால் பொய் என்று சொல்லித் திட்டாதீர்கள், அவனுக்கு அது தெரியும். விழுகிறவனைக் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டில் மேலிருந்து தங்கச்சி மீது குதிக்க மட்டும் விடாதீர்கள்.