பெண் முயலின் கருப்பை நீக்கமும் பிந்தைய பராமரிப்பும்

பெண் முயலின் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் வயிற்றைத் திறந்து எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பேச்சு வழக்கில் கருத்தடை ஆபரேஷன் என்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் செய்வதுதான் இது என்றாலும், முயல் பிழைத்தெழுவதைத் தீர்மானிப்பது தையலைவிட அதன் குடலே. சேலம் செவ்வாய்ப்பேட்டை போல, கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் சமவெளி ஊர்களில் வெயிலையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வீடுகளில் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வழிவந்த இனங்களை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்றவை தமிழ்நாட்டில் நீலகிரியின் சாண்டிநல்லா, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆகிய ஆராய்ச்சி நிலையங்கள் வழியாகப் பண்ணைகளுக்குப் பரவின. (வயல்வெளியில் பிடிபடும் காட்டு முயல் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.) முயலுக்கு நாய் போலப் பருவச் சுழற்சி கிடையாது, இணைசேர்ந்த பிறகுதான் சினைமுட்டை வெளியேறும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினைபிடிக்கும். கடைக்காரர் இரண்டும் பெட்டை என்று சொல்லி விற்ற ஜோடி சில மாதத்தில் எட்டாகப் பெருகிய பிறகே பலர் ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

குட்டிகளைத் தவிர்ப்பதைவிட வலுவான காரணம் புற்றுநோய். கருத்தடை செய்யாத பெண் முயல்களில் நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிக அதிகம்; சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வருவதாகப் பதிவுகள் உண்டு. இறைச்சிக்கு வளர்க்கும் பண்ணை முயல் அந்த வயதை எட்டுவதே இல்லை என்பதால் பண்ணைக்காரர்களுக்கு இது தெரிய வராது. வழக்கமாக நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் ஆபரேஷன் செய்கிறார்கள்.

பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. இறந்த முயல்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை. பிந்தைய பராமரிப்பை இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதன் காரணம் இதுவே.

சேலம் வட்டாரத்தில் கால்நடை மருத்துவத்தின் பெரிய மையம் 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பின்னாளில் சேலம் மாவட்டத்திலேயே தலைவாசல் கூட்டுரோட்டில் இன்னொரு கல்லூரி வந்தது. எங்கே போனாலும் முயலுக்குக் கருப்பை நீக்கம் செய்த அனுபவம் அங்குள்ள மருத்துவருக்கு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கோழியும் மாடும் ஆடும் நிறைந்த நாட்டில் முயல் ஆபரேஷன் அன்றாட வேலை அல்ல. ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதைப் பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். பயணத்துக்குக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். உள்ளே பழைய துண்டும் ஒரு பிடி புல்லும் இருக்கட்டும், வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும்.

மயக்கம் தெளியும் நேரத்தில் முயலின் உடல் குளிர்ந்துவிடும். இயல்பான வெப்பநிலை 38.5 முதல் 40 டிகிரி வரை. வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே விடக்கூடாது. துண்டு விரித்துச் சற்று வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். முழுதாக விழித்து நடமாடத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்கு வெப்ப அயர்ச்சி வரும். தகரக் கூரையும் மொட்டை மாடிக் கூண்டும் அப்போது ஆகாது. தரைத்தளத்தில் காற்றோட்டமுள்ள அறை, படுக்க ஒரு டைல்ஸ் கல், தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிய பாட்டில் ஒன்று: ஏப்ரல், மே மாதங்களுக்கு இது போதும். முடிந்தால் ஆபரேஷனையே மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

இனி புழுக்கை. ஆபரேஷனுக்குப் பின் முயலின் உடல்நிலையை இதைவிட நேராகச் சொல்லும் அளவுகோல் வீட்டில் கிடையாது. நல்ல நிலையில் உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில், உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும்படி இருக்கும். முதல் நாளில் குறைவாகவும் சிறிதாகவும் விழலாம். அவை சிறுத்து, காய்ந்து, முடியால் கோத்ததுபோல வந்தாலோ, அரை நாளாக எதுவுமே விழாவிட்டாலோ குடல் தேக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. கூண்டின் அடியில் வெள்ளைத் துணியோ செய்தித்தாளோ விரித்தால் எண்ணிப் பார்ப்பது எளிது. மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகவோ சுண்ணாம்பு கரைத்தது போலவோ இருந்தால் பதற வேண்டியதில்லை. தீவனத்தின் நிறமிகளாலும் சுண்ணாம்புச் சத்தாலும் முயலுக்கு அது சகஜம். சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மயக்கம் தெளிந்த சில மணி நேரத்துக்குள் முயல் ஏதாவது கொறிக்க வேண்டும். இறக்குமதியாகும் டிமோத்தி உலர்புல் விலை அதிகம். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாக விற்கும் அருகம்புல்லை அலசி நிழலில் உலர்த்தினாலே நல்ல நார்த்தீவனம். மணத்தால் பசியைத் தூண்டக் கொத்தமல்லித் தழை, புதினா. பழகியிருந்தால் வேலிமசால், முயல் மசால் ஆகிய தீவனச் செடிகளும் கொஞ்சம். செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகள் நிறைந்த ஊராயிற்றே என்று கடலை, கம்பு, அரிசி, பிஸ்கட் எதையும் கண்ணில் காட்டக்கூடாது. மாவுச்சத்து குடல் நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்துவிடும். கேரட் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். தானாகத் தின்னாத முயலுக்குப் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டலாம். முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. அதன் வழியே ஒரு நேரத்துக்கு அரை மில்லி, மென்று விழுங்கவிட்டு அடுத்த அரை மில்லி. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

வலியை முயல் மறைத்துவைக்கும். இரையாகும் விலங்கின் சுபாவம் அது. 2012இல் வெளியான முயல் முகபாவ அளவுகோல் ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: பாதி மூடிய கண், ஒட்டிய கன்னம், கூராகிய மூக்கு, விறைத்த மீசை, ஒடுங்கிய காது. பல்லை நறநறவென்று சத்தமாகக் கடித்து, முதுகைக் கூனி மூலையில் உட்கார்ந்தாலும் வலிதான். வலி நீடித்தால் தீனி நிற்கும், தீனி நின்றால் குடல் நிற்கும். அதனால் மெலாக்சிகாம் போன்ற வலிமருந்தை டாக்டர் சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும், சுறுசுறுப்பாகிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக்கூடாது.

குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை வாயில் ஊற்றுவது பெரும் ஆபத்து. பெனிசிலின் வகை, கிளிண்டாமைசின் ஆகியவை வாய்வழி போனால் முயலின் குடலில் நச்சுக்கிருமி பெருகிக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு நஞ்சு.

தையலைக் காலை மாலை இருவேளை பார்த்தால் போதும். லேசான வீக்கம் இருக்கலாம். சிவந்து சூடாகி நீர் வடிந்தால் காட்ட வேண்டும். தோலுக்கு அடியில் கரையும் நூலால் தைத்திருந்தால் முயல் கடித்துப் பிரிக்க வாய்ப்பு குறைவு. வெளித்தையல் என்றால் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கூடியவரை வேண்டாம். தன் ஆசனவாயிலிருந்து நேரே எடுத்துத் தின்னும் மென்மலத்தை அது தடுத்துவிடும், அதிலுள்ள சத்து முயலுக்கு அவசியம். மழைக்காலத்தில் ஈ பெரிய எதிரி. ஈரமான அடிவயிற்றில் முட்டையிட்டால் ஒரே நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். கொசுவலை கட்டுவது எளிய காப்பு. கொசுவர்த்தி, சாம்பிராணி, அக்கம்பக்கத்து வெள்ளிப் பட்டறையின் அமிலப் புகை எதுவும் அண்டாத அறையாக இருக்கட்டும். ஆடித் திருவிழா மேளமும் வெடியும் தெருவில் போகும் நாளில் உள் அறைக்கு மாற்றிவிடலாம், மிரண்டு துள்ளினால் தையல் பிரியும்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறுகை பின்னங்கால்களைத் தாங்கி இருக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது பண்ணை வழக்கம். அதில் உதறினால் முதுகெலும்பே முறியும். காயம் ஆறும் வரை குளிப்பாட்டவே கூடாது. ஆண் முயலோடு சேர்ப்பதற்கு இரண்டு வாரமாவது போக வேண்டும். ஆண் ஏறி மிதித்தால் வயிற்றுத் தையல் தாங்காது. ஆணுக்கும் ஆபரேஷன் செய்திருந்தால் அதன் உடலில் விந்தணு ஆறு வாரம் வரை தங்கும். வீட்டில் கருத்தடை செய்யாத வேறு பெட்டை இருந்தால் அதுவரை தனிக்கூண்டுதான்.