குடத்தின் வயிறும் ஐந்து முகங்களும்

தமிழிசை வரலாற்றை எழுதியோர் பாடலை எழுதினர், பாடியவரை எழுதினர், பாடியவரைப் புரந்த அரசரையும் எழுதினர். பல திறப்பட்ட ஒலிகள் ஓரிடத்தில் கூடும்போது அவற்றுள் எது எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்று வகுத்த கலையைப் பற்றி எழுதியோர் குறைவு. அக்கலை கல்வெட்டிலும் கருவியிலும் பட்டறையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

இன்று காவிரிப் படுகையின் நடுத்தர வீடுகளிலும் அதே கேள்வி வந்து நிற்கிறது. தொலைக்காட்சியின் இருபுறமும் பழைய ஸ்டீரியோ பெட்டிகள். நடுவில் வேறொரு நிறுவனத்தின் சிறு பெட்டி. பின்சுவரில் கணினிக்காக வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்கள். மூலையில் பிற்பாடு வந்து சேர்ந்த சப்-வூபர். பிறப்பிலும் உருவிலும் ஒன்றோடொன்று ஒவ்வாத இவற்றைக் கொண்டு சூழொலி அமைக்க இயலுமா? இயலும் என்பதற்குத் தஞ்சை வட்டாரமே ஆயிரம் ஆண்டுச் சான்றுகளை வைத்திருக்கிறது என்பது நம் கருத்து.

முதற்சான்று பெரிய கோயிலில் உள்ளது. அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசர் (985–1014) பிடாரர் 48 பேரை அமர்த்தினார். அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று கல்வெட்டு வகுக்கிறது. இந்த எண்ணிக்கையை நிவந்தக் கணக்காக மட்டுமே படிப்பது வழக்கம். ஒலிக்கணக்காகவும் படித்துப் பார்க்கலாம். குரல்கள் 48, சிறுபறை ஒன்று, பெரும்பறை ஒன்று. தாழ்ந்த ஒலிக்கு ஒருவரே போதும் என்று அன்றைய அமைப்பாளர் கண்டிருந்தனர். அவ்வொருவருக்கும் பாடுவோர்க்கு அளந்த அதே நெல்லை அளந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் சமம் என்பதே கீழ்ஒலிக்கு அவர்கள் தந்த இடம்.

இரண்டாம் சான்று திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் உள்ள பஞ்சமுக வாத்தியம். தேவாரம் குறிக்கும் குடமுழா மரபைச் சேர்ந்தது இது. வெண்கலக் குடம் ஒன்று. அதன் தலையில் ஐந்து முகங்கள். நடுவில் இருப்பது பெரியது. சுற்றிலும் இருக்கும் நான்கும் சிறியவை. முகங்களின் அளவு வேறுபடுவதால் ஒலியும் வேறுபடுகிறது. சைவ மரபு இவற்றைச் சிவனின் ஐம்முகங்களாகப் போற்றும். நம் நோக்கிற்கு உரியது வேறொரு செய்தி. அளவொவ்வாத ஐந்து முகங்களும் ஒரே வயிற்றுக் காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்முகத்தைத் தட்டினாலும் அதிர்வது அந்தக் குடத்தின் காற்றே. ஆதலால் ஐந்து ஒலிகளும் ஒரு குடும்பத்துக் குரல்களாகக் கேட்கின்றன.

மூன்றாவது, பெரிய மேளம். நாகசுரம், துளைகளில் விரல் ஓட்டாது சுருதி மட்டும் தரும் ஒத்து, தவில், தாளம் ஆகியவற்றுள் எதுவும் மற்றொன்றைப் போன்றதன்று. தவில் என்ற ஒரே கருவிக்குள்ளும் இரு குரல்கள் உண்டு. கூடு அணிந்த விரல்கள் பேசும் வலந்தலை ஒன்று. கழி பேசும் தொப்பி மற்றொன்று. சொற்கட்டைத் தெளிவாக உச்சரிப்பது வலந்தலை. அதற்கு நிலம்போல் அடியில் கிடப்பது தொப்பி.

இம்மேளத்தில் ஒரு கருவி மாறினால் என்ன நேரும் என்பதற்குத் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்து மாற்றம் தக்க சான்று. அதுவரை பெருவழக்காயிருந்த திமிரி நாகசுரம் நீளத்தில் குறைந்தது; சுருதியில் உயர்ந்தது. வீதியுலாவில் நெடுந்தொலைவு கேட்பதற்கு ஏற்றது. அவர் கையாண்ட பாரி நாகசுரமோ நீண்டது. தாழ்ந்த சுருதியில் நிற்பது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறன் அதற்குத் துணைநின்றது. குழல் தாழ்ந்தபோது சுருதி தாழ்ந்தது. தம்புராவோடு இசைந்து அரங்கில் அமரவும் முடிந்தது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தையே ஆசாரிகள் நாடுவர். ஆண்டுகள் பல உலர்ந்த மரமே நிலையான ஒலி தரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. பழையது என்பதற்காக எதையும் கழிக்காத பட்டறை அது.

மின்வழி ஒலி வந்தபோதும் இவ்வறிவு அழியவில்லை. 1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது. பின்னர் டிரான்சிஸ்டரும் டேப் ரெக்கார்டரும் வீடுகளுக்குள் நுழைந்தன. பழுது பார்க்கும் கடைகளில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிபையர்கள் மலிந்த காலத்தில் தமிழ்நாடெங்கும் பரவிய வழக்கம் ஒன்றை வாசகர்கள் பலரும் நினைவுகூர்வர். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்டதே அது. வேடிக்கை என்று இதை ஒதுக்குவோர் உளர். ஆயின் அதனுள் இருப்பது தேர்ந்த இயற்பியல். பெட்டியற்ற ஸ்பீக்கரின் முன்புற அலையும் பின்புற அலையும் எதிரெதிரானவை. தாழ்ந்த அதிர்வெண்களில் பின்னலை சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடும். பானை பின்னலையைத் தன் வயிற்றுக்குள் அடைத்துக்கொள்கிறது. அழிந்துகொண்டிருந்த கீழ்ஒலி அப்போதே வெளிப்படுகிறது. குடமுழாவின் வயிறு செய்த பணியில் ஒரு பங்கைக் குயவர் வனைந்த பானையும் செய்தது. அதற்கொரு குறையும் உண்டு. தனக்குரிய ஒரே சுருதியில் பானை அளவு மீறிக் குமுறும். எப்பாட்டிற்கும் அதே குமுறல்தான். மலிவான சப்-வூபர்கள் பலவற்றின் குறையும் இதுவே.

சூழொலி திரையரங்கின் வழியே வந்தது. 1974இல் ‘எர்த்குவேக்’ என்ற ஆங்கிலப் படம் நிலநடுக்கத்தைப் பார்வையாளர் உடம்பால் உணருமாறு தாழ்ந்த ஒலியைத் தனியே எழுப்பியது. 1979இல் ‘அபோகலிப்ஸ் நௌ’ பின்புற ஒலியை இடம், வலம் எனப் பிரித்தது. 1995இல் வெளிவந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது. பின் டி.வி.டி. வழியாக 5.1 என்னும் எண் வீட்டுக்கு வந்தது. ஐந்து முழுக்குரல்கள், தாழ்ஒலிக்கு மட்டுமே உரிய ஒரு பகுதிக்குரல். திருவாரூர்க் குடமுழாவைக் கண்ட கண்ணுக்கு இந்த ஐந்து அந்நியமானதன்று.

இனி வீட்டுக்கு வருவோம். ஐந்தும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருந்தாலன்றி ஒலி சேராது என்பாருண்டு. முன்னிற்கும் மூன்றைப் பொறுத்தவரை அக்கூற்றில் உண்மை இருக்கிறது. பேசிக்கொண்டே ஒருவர் திரையில் இடமிருந்து வலம் நடக்கையில் அவர் குரல் நடுவழியில் மாறினால் செவி உடனே கண்டுகொள்ளும். ஆகவே கையிலுள்ளவற்றுள் குரலால் நெருங்கியவற்றை முன்னே வைக்கவேண்டும். நடுப்பெட்டி பெரிதும் முரண்படுமாயின் அதை நீக்கிவிட்டு, நடுக்குரலையும் இருபுறப் பெட்டிகளே பகிர்ந்துகொள்ளுமாறு ரிசீவரில் அமைப்பது நன்று. எஞ்சியவை பின்னுக்குப் போகலாம். பின்னொலி பெரும்பாலும் மழை, கூட்டம், எதிரொலி ஆகியவற்றைச் சுமப்பது. அங்கே வேறுபாடு எளிதில் தெரியாது.

அடுத்தது அளவு. ஒரே ஆற்றலைத் தந்தாலும் எல்லாப் பெட்டிகளும் ஒரே உரப்பில் ஒலிப்பதில்லை. உணர்திறனில் 3 டெசிபெல் குறைந்த பெட்டி, மற்றதற்கு ஈடாக ஒலிக்க இருமடங்கு ஆற்றல் வேண்டும். சோதனை இரைச்சலை ஒவ்வொன்றிலும் ஒலிக்கவிட்டு, அமரும் இடத்திலிருந்து அளந்து சமன் செய்வதே வழி. மூன்றாவது, காலம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுக்கிறது. அருகிலுள்ள பெட்டி முந்திக்கொண்டால் ஒலி முழுவதும் அங்கிருந்தே பிறப்பதாகச் செவி கொள்ளும். ஆதலால் ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் அளந்து ரிசீவரில் பதியவேண்டும். மின்தடையையும் பார்க்கவேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். எல்லா ஆம்ப்ளிபையரும் அதைத் தாங்குவதில்லை.

ஒவ்வாமையைத் தீர்ப்பதில் பெரும்பங்கு சப்-வூபருடையது. சிறு பெட்டிகள் வேறுபடுவது கீழ்ஒலியிலேதான் மிகுதி. அச்சுமையை இறக்கிவிட்டால் அவை தம்முள் நெருங்கிவரும். வழக்கமான எல்லை 80 ஹெர்ட்ஸ். மிகச் சிறியவற்றிற்கு 120 வரை உயர்த்தலாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டரை மிஞ்சும். அது எங்கிருந்து வருகிறது என்று செவிக்குத் தெரியாது. எனினும் அறைக்குத் தெரியும். சிவப்புச் சிமெண்டுத் தரையும் பூச்சுச் சுவரும் கொண்ட கூடத்தில் ஓரிடத்தில் அவ்வொலி குவியும், ஓரிடத்தில் மறையும். நாம் அமரும் இடத்தில் சப்-வூபரை வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று ஒலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு, பின் அதை அங்கே மாற்றுவது எளிய முறை.

இவையனைத்தும் செய்தபின்னும் ஒலி கெடுவது ஆசையால். சப்-வூபர் வாங்கியது தெரியவேண்டும் என்பதற்காகவே அதை உயர்த்தி வைக்கும் வழக்கம் பரவிவிட்டது. சன்னல் அதிர்கிறது, வசனம் புரிவதில்லை, அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. திருமணக் கூடங்களில் மைக்கு வழியே பெருகும் தவிலுக்கு அடியில் நாகசுரத்தின் கமகம் மூழ்குவதும் இதே நோயின் இன்னொரு வடிவம். 48 குரலுக்கு ஒரு பெரும்பறை என்ற விகிதம் இந்த மண்ணிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதை மறந்தால் வரலாற்றோடு செவியும் இழப்படையும். எழுபது வயதுச் செவிக்குச் சொல்லும் பொருளும் எட்டாத ஒலியமைப்பு, அவ்வீட்டுப் பெரியவரை அவர் கூடத்திலேயே அயலாராக்கிவிடுகிறது.

சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நல்ல நாகசுரப் பதிவொன்றை ஒலிக்கவிட்டு சப்-வூபரை அணைத்துப் பாருங்கள். தவிலின் தொப்பி மெலியவேண்டும். மீண்டும் இயக்குங்கள். தொப்பிக்கு உடம்பு வரவேண்டும். ஆனால் மூலையிலிருந்து எதுவோ ஒலிக்கிறது என்ற எண்ணம் வரக்கூடாது. வந்தால், கைப்பிடியை இன்னும் சற்றுக் குறையுங்கள்.